நான் மெழுகிவிட்ட மண் திட்டு

விரல் நகங்களுக்குள் இன்னும் களிமண் இருக்கிறது. சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கழுவியும் மணம் போகவில்லை. இன்று காலை ஓடைக்கரைத் தோட்டத்தில் ரூத் ஒரு வாளி நிறையக் களிமண்ணை என் முன்னால் வைத்து, தண்ணீர் விட்டுக் குழைக்கச் சொன்னார். தேனீக்களுக்கு மண்கட்டி செய்வதற்காம். சின்ன மரப்பெட்டிகளில் களியை அடைத்துக் காயவைத்து மழை படாத இடத்தில் அடுக்கினால் அவை துளைத்துக் குடிவருமாம். உனக்கு நல்ல கை என்று வேறு சொன்னார். அந்தக் கை முன்பு என்ன செய்தது என்று தெரிந்த மனுசி அப்படிச் சொன்னதும், நான் குனிந்து இன்னும் வேகமாகக் குழைத்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உம்மிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு உம்மோடு ஒரு சண்டையும் பிடிக்க வேண்டும். நீர் கண்மூடி ஒன்றரை வருடத்துக்கு மேலாகிவிட்டது, போனவளோடு என்ன சண்டை என்று கேட்பீர். கேளும். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று கிரவீன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த ஆள் நீர்தானே.

நீர் சொன்னதில் பிழையில்லை. நாங்கள் சந்தித்த நாளே நான் தமிழ் முதியோர் சங்கத்தை விட்டு விலகிய நாள். பொங்கல் விழாவுக்கு நான் அவித்த கடலையில் உப்புக் கூடிவிட்டது என்று ஒருவர் சொன்னார். நான் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதற்கு முன் கோயில் பூமாலைக் குழு, அதற்கும் முன் பஜனைக் குழு. தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபது வருடம் வேலை செய்தேனே, அங்கே மட்டும்தான் கோபித்துக்கொண்டு போகவில்லை. கடிதங்கள் யாரையும் குறை சொல்வதில்லை. வீட்டுக்காரர் கண்மூடிய பிறகு வேலையும் முடிந்து, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கப் பழகிவிட்டேன். அன்றைக்குக் கார் நிறுத்துமிடத்தில் அந்தக் கடலைப் பாத்திரத்தோடு நின்ற என்னிடம் நீர் வந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டீர். மன்னார்க்காரியான உமக்கு என் கோபத்தில் எந்தப் பயமும் கிடையாது என்று அப்போதே தெரிந்தது.

"உப்புக் கூடத்தான்," என்றீர். "ஆனா அதுக்காக ஆரும் கடலையை வீட்ட கொண்டுபோவினமே? சனிக்கிழமை காலமை என்னோட வாரும். அங்க சமையல் இல்லை, மண்தான்."

அப்படித்தான் இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். கிரிக்கெட் மைதானத்துக்குப் பின்னால், ஓடைக்கும் வேலிக்கும் நடுவே ஒரு நீளத் துண்டு நிலம். இந்த மண்ணுக்கே உரிய செடிகளை நட்டு வளர்ப்பது, வெளியிலிருந்து வந்த களைகளைப் பிடுங்குவது, பூச்சிகளும் தேனீக்களும் வந்து போகப் பூக்களைக் காப்பது. ஏழெட்டுப் பேர் கொண்ட குழு, ரூத் தலைவி, முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். மற்ற எல்லோரும் வெள்ளைக்காரர், நாங்கள் இருவர் மட்டும் தமிழ். முதல் நாளே ரூத் எனக்குப் பதினைந்து செடிகளின் பெயர் சொன்னார். பதினைந்தும் பத்துமணித் தேத்தண்ணீரோடு போய்விட்டன.

எனக்கு அந்தத் தோட்டத்தைப் பிடிக்கவேயில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த புல்லை வெட்டக்கூடாது, விழுந்த இலையைக் கூட்டக்கூடாது, செத்த தண்டை ஒடிக்கக்கூடாது. கூட்டாத முற்றத்தில் மூதேவி குந்துவாள் என்று கேட்டு வளர்ந்தவளுக்கு அங்கே கை துருதுருவென்று இருக்கும். மூன்றாவது வாரம் ஒரு வேலை செய்தேன். வேலியோரம் ஊதாப் பூக் கொடி ஒன்று அடர்ந்து பூத்திருந்தது. பூவைக் கண்டால் சுவாமிக்கு வைக்கத் தோன்றுவதுதானே வழக்கம். ஒருநாள் காலையிலேயே போய் ஒரு பை நிறையக் கொய்துகொண்டு வந்துவிட்டேன். சனிக்கிழமை எல்லோரும் வந்து பார்த்தபோது கொடியில் இலைதான் இருந்தது. குழுவில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கையுறையைக் கழற்றத் தொடங்கிவிட்டேன். நீர் என்னைப் பார்த்தீர்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு என் வாசலில் நின்றீர், கையில் ஒரு கிண்ணம் நிறையச் செவ்வரத்தம் பூவோடு. "உங்கட சாமிக்கு," என்றீர். "என்ர வீட்டில வீணாத்தான் விழுது. அங்கத்தைய பூவை அவையள் சாப்பிடட்டும்." கழுத்தில் சிலுவையோடு வேதக்காரி ஒருத்தி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சைவக்காரி வீட்டுக்குப் பூக்கொண்டு வருகிறாள் என்று அயலில் பேசிச் சிரித்தார்கள். நீர் நிறுத்தவில்லை. நானும் குழுவை விட்டு விலகவில்லை. நான் கோபித்துக்கொண்டு போனால் பின்னால் வந்து கூப்பிடுவது உமக்கு ஒரு வேலையாகவே போய்விட்டது.

"அவையள்" என்று நீர் சொன்னது அந்த நீலக்கோட்டுத் தேனீக்களை. வயிற்றைச் சுற்றி நீல வரிகள், கூட்டமாக வாழாது, ஒவ்வொன்றும் தனித்தனி. ஓடைக்கரையில் இடுப்பளவு உயரத்தில் இருந்த ஒரு களிமண் திட்டில் துளை போட்டு முட்டையிடும். உம்முடைய வீட்டுக் கத்தரிக்குக் காய் வரவைப்பது இவைதான் என்று ரூத் சொன்ன நாளிலிருந்து நீர் அவற்றுக்கு அடிமை. கத்தரிப் பூவைப் பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டுமாம், கூடு கட்டித் தேன் சேர்க்கும் தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியாதாம். மன்னாரிலும் இதுகள் இருந்திருக்கும், ஆர் குனிஞ்சு பார்த்தது என்பீர். பின்னேரங்களில் ஆண் தேனீக்கள் ஒரு காய்ந்த புல்லை வாயால் கவ்வி வரிசையாகத் தொங்கி நித்திரை கொள்ளும். அதைப் பார்க்க வேலை முடிந்து நேரே அங்கே வருவீர். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க மனிதர்களைத் தூக்கி இருத்திய முதுகோடு, அந்தப் புல்லின் முன்னால் குந்தி இருப்பீர்.

இனிக் குற்றத்துக்கு வருகிறேன்.

அந்த யூலைக் குளிரில் உமக்கு வயிற்றில் ஒப்பரேஷன். இரண்டு கிழமையில் வந்துவிடுவேன், வீட்டுக்குப் போகும் வழியில் தோட்டத்தில் ஒரு பத்து நிமிஷம் காரை நிறுத்த மகளிடம் சொல்லியிருக்கிறேன் என்று போனில் சொன்னீர். ஆஸ்பத்திரியில் இருந்து ஒருவர் வருகிறார் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? வீடு வாசலைத் துப்புரவாக்குவோம். நானும் அதைத்தான் செய்தேன். வார நாளில், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, பெண்டில் ஹில் தமிழ்க் கடையில் வாங்கிய ஈர்க்கு விளக்குமாறோடு போனேன். மூன்று நாள். இலைச் சருகெல்லாம் கூட்டி அள்ளினேன். காய்ந்த தண்டுகளை அடியோடு வெட்டினேன். ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கல் வைத்தேன். கடைசியாக அந்தத் திட்டுக்கு வந்தேன்.

பார்க்கச் சகிக்கவில்லை. முழுக்கப் பொத்தல், ஒரு பக்கம் உதிர்ந்துபோய்க் கிடந்தது. குளிர்காலத்தில் ஒரு தேனீயையும் காணவில்லை. குருவி கூட்டை விட்டுப் போவது போல இவையும் போய்விட்டன, திரும்பி வரும்போது புது வீடாக இருக்கட்டும் என்று நினைத்தேன். குழாயால் தண்ணீர் அடித்து ஊறவைத்தேன். களியைக் குழைத்து ஒவ்வொரு பொத்தலாக அடைத்தேன். பிறகு உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, பொங்கலுக்கு மண்சுவர் மெழுகுவது போல மெழுகிவிட்டேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த வேலையைச் செய்தேன் தெரியுமா. விரல் அடையாளம் ஒன்றுகூட இல்லாமல் வழவழவென்று இருந்தது. எட்ட நின்று பார்த்து எனக்கே பெருமை பிடிபடவில்லை.

சனிக்கிழமை ரூத் வந்து திட்டின் முன்னால் நின்றார். நீ எவ்வளவு பாடுபட்டிருக்கிறாய் என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு கத்தியால் ஓரத்தைச் சின்னதாகப் பிளந்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே விரல் நுனி அளவில் மண் அறைகள். ஒன்றுக்குள் அவித்த கச்சான் கடலை அளவில் வெள்ளையாக ஒன்று சுருண்டு கிடந்தது, மேலே பூஞ்சணம் பிடித்து. அவை எங்கேயும் போவதில்லை, பெரியவை குளிருக்கு முன்னமே செத்துவிடும், பிள்ளைகள் உள்ளேயே கோடைவரை காத்திருக்கும் என்று மெதுவாக விளக்கினார். நான் தண்ணீர் விட்டு ஊறவைத்ததில் அந்தத் திட்டுக்குள் இருந்த பிள்ளைகள் முழுக்க அழுகிவிட்டன. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்று சொல்வார்களே, நான் பிடித்தது குரங்குகூட இல்லை.

அன்றைக்கே விலகிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மறுநாள் ரூத் என்னைப் போனில் கூப்பிட்டு, புதுக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது இனி உன் பொறுப்பு, வாரத்தில் நாலு நாள் வரவேணும் என்றார். ஒருவரும் என்னைக் குறையாகப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரரின் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீர் இரண்டு கிழமையில் வரவில்லை. வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் இனி ஒன்றும் செய்ய ஏலாதென்று மூடிவிட்டார்கள் என்று உம்முடைய மகள் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னாள். செவ்வாயும் வியாழனும் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்கு வருவேன், நீர் மூன்று கரண்டி குடிப்பீர். ஒக்டோபர் கடைசியில், வெயில் சுடத் தொடங்கிய ஒருநாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டீர்.

"அவையள் வந்திட்டினமே?"

நான் உம்முடைய முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. "ஓம்," என்றேன். "ரெண்டு வந்திருக்கு."

"எந்தப் பூவில நிண்டது?"

எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடம் அந்தத் தோட்டத்தில் நின்றவளுக்கு அந்த மாதம் எது பூக்கும் என்று தெரியவில்லை. ஏதோ நீலப் பூ என்று சமாளித்தேன். வடிவாப் பார்த்துக்கொண்டு வந்து சொல்லும் என்றீர். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கேள்விதான். காலையிலா வந்தது, பின்னேரமா? டயனெல்லா பூத்துவிட்டதா, அதில் உட்கார்ந்ததா? பின்னேரம் எந்தப் புல்லில் தொங்கி நித்திரை கொண்டன? ஒரு பொய்யைச் சரியாகச் சொல்ல எவ்வளவு படிக்க வேண்டியிருந்தது. உமக்குப் பொருத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நான் ஒவ்வொரு நாளும் தோட்டத்துக்குப் போனேன். எது மொட்டு, எது பூ, எது உதிர்ந்தது என்று ஒரு சின்னக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். ரூத்திடம் பெயர் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினேன். பிறகு வந்து, ஆறு என்றும் ஒன்பது என்றும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பீர். சில வேளை சிரிப்பீர்.

டிசெம்பர் வெயிலில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம், நீர் போய்விட்டீர். உங்கள் வேதக் கோயிலில் உம்முடைய பெட்டியின் பக்கத்தில் நான் அழுத அழுகையைப் பார்த்து உம்முடைய மகளே என்னைத் தேற்றினாள். நட்புக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். பாதி அதுதான். மீதி, கடைசிவரை உமக்குப் பொய் சொல்லி அனுப்பிவிட்டேனே என்று.

ஆகவே உண்மைக் கணக்கைச் சொல்லுகிறேன். அந்தக் கோடையில் ஒன்றுகூட வரவில்லை. நான் சொன்ன இரண்டும் பொய், ஆறும் பொய், ஒன்பதும் பொய். போன கோடையில் இரண்டைக் கண்டோம், அதுவும் மைதானத்துக்கு எதிர்வீட்டுப் பழைய செங்கல் சுவரில். எங்கிருந்து வந்தன என்று ஒருவருக்கும் தெரியாது. திட்டு வெறுமையாகத்தான் இருக்கிறது. நான்தான் செய்தேன். மன்னித்துக்கொள்ளும்.

இனிச் சண்டை.

இன்று காலை களியைக் குழைக்கக் குழைக்க எனக்குத் தாங்கவில்லை. ரூத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நான் ஆஸ்பத்திரியில் உமக்குச் சொன்ன ஒவ்வொரு பொய்யையும். அவர் மண்கட்டியைக் கீழே வைத்தார். அவளுக்குத் தெரியும் என்றார்.

ரூத் திட்டைப் பிளந்து காட்டிய அதே சனிக்கிழமை பின்னேரம் நீர் ரூத்தைப் போனில் கூப்பிட்டுத் தோட்டம் எப்படி என்று கேட்டிருக்கிறீர். ரூத்துக்குப் பொய் வராது, சொல்லிவிட்டார். அழுதீரா என்று ரூத்துக்குத் தெரியாது. பிறகு, குழுவில் ஒருவரும் என்னை ஒரு சொல் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கினீராம். தண்ணீர் விடும் வேலையை எனக்குக் கொடுக்கச் சொன்னதும் நீர்தானாம். அப்படியானால் அந்தத் தேனீக்கள் என்று ரூத் கேட்டதற்கு நீர் சொன்ன பதிலை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு அது உம்முடைய குரலில், உம்முடைய தமிழில் கேட்டது.

"தேனீ வேற எங்கயிருந்தெண்டாலும் ஒருநாள் வந்து சேரும். இவ வெக்கப்பட்டுப் போனாவெண்டா, திரும்ப வரமாட்டா. அங்க போய்க் கூட்டிவர நானும் இருக்கமாட்டன்."

அப்படியானால் ஏன் ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்டாள், என்னைப் பகிடி பண்ணினாளா என்று ரூத்திடம் கத்திவிட்டேன். ரூத் தலையாட்டி மறுத்தார். தானும் உம்மிடம் அதைக் கேட்டதாகச் சொன்னார். நான் கேட்டால் அவள் பதில் தேடித் தோட்டத்துக்குப் போவாள், போய்ப் பழகட்டும் என்றீராம்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல. இரண்டு மாதம் நான் உம்மை ஏமாற்றுகிறேன் என்று நெஞ்சு வெந்துகொண்டிருந்தேன், நீர் கஞ்சியைக் குடித்துக்கொண்டு என்னை ஏமாற்றியிருக்கிறீர். நீர் கண்ணை மூடிக் கேட்டபோது அந்தச் செத்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் இருந்தீரா? நோவோடு படுத்திருந்தவர் என்னுடைய வெட்கத்தை வேறு சுமந்துகொண்டு படுத்திருந்தீரா? என்னை ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே. திட்டியிருந்தால் நானும் அழுது உம்முடைய கையைப் பிடித்திருப்பேன். அந்த ஒன்றை என்னிடமிருந்து எடுத்துவிட்டீர்.

களியை அப்படியே போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் காருக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். சாவியைப் போட்டேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்றுதான் மனம் ஓடியது. எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. ரூத் பின்னால் வரவில்லை, எங்களுக்குள் அந்த வழக்கம் இல்லை. பழக்க தோஷத்தில் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கார் நிறுத்துமிடத்தில் ஒருவரும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. வருவதற்கு ஆள் இல்லை என்று எனக்கு விளங்க அவ்வளவு நேரம் எடுத்தது.

எஞ்சினை நிறுத்தி, நானே கதவைத் திறந்து இறங்கினேன்.

தேத்தண்ணீர் நேரம். இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த மூன்று பேரும் இருந்தார்கள், திட்டு ஏன் வெறுமையாக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கோப்பையை வாங்கிக்கொண்டு, அதைக் கெடுத்தது நான்தான் என்று என்னுடைய ஆங்கிலத்தில் சொன்னேன். எப்படிக் கெடுத்தேன் என்றும் சொன்னேன், மற்றவர்கள் அதே பிழையை விடாமல் இருக்க. ஒருவர் பிஸ்கட் பெட்டியை நீட்டினார், இன்னொருவர் குளிர்காலத்தில் பிள்ளைகள் என்ன சாப்பிடும் என்று கேட்டார். தாய் முன்னமே வைத்துவிட்டுப் போயிருப்பாள் என்றேன்.

உம்மோடு எனக்கு இன்னும் கோபம்தான். மன்னிக்கச் சொல்லிக் கேட்டவளே கோபிக்கிறாள் என்று சிரிப்பீர், சிரியும். அந்தக் கோபம் லேசில் ஆறாது, ஆறவேணும் என்று எனக்கு ஆசையும் இல்லை. அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதையும் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன்.